ஃபில்லர் போட்டு ஐந்து வாரம் கழித்து வந்த கட்டி

கேள்வி: எனக்கு 36 வயது. கொழுந்தனார் கல்யாணத்துக்கு முன்னால் நானும் என் நாத்தனாரும் எங்கள் ஊர் அழகு நிலையத்தில் முகத்தைப் பூரிப்பாக்கும் ஜெல் ஊசியான ஃபில்லர் போட்டுக்கொண்டோம். வெளியூரிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து போகிற ஒரு மேடம்தான் போட்டார். முழு சிரிஞ்சும் வாங்கினால் செலவு அதிகம், இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். முதலில் நாத்தனாருக்கு உதட்டில் போட்டார். அப்புறம் ஊசி முனையை மட்டும் மாற்றிவிட்டு, மீதியை எனக்கு மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோட்டில் இரண்டு பக்கமும் போட்டார். நாலு நாளில் வீக்கம் வடிந்தது, கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. ஐந்து வாரம் கழித்து இடது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. சிவந்திருக்கிறது, தொட்டால் வலி. நிலையத்தில் கேட்டால், ஜெல் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும், ஐஸ் வைத்து அழுத்தித் தேய்த்துவிடுங்கள் என்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக்கும், வீக்கத்துக்கென்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்கள். சாப்பிடும்போது அமுங்கியது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாக வந்துவிட்டது. மறுபடி அதையே வாங்கிச் சாப்பிட்டேன், அதே கதை. இப்போது ஊசி போட்டு ஏழு வாரம் ஆகிறது. சுகர் பார்டரில் இருக்கிறது. இது இன்ஃபெக்‌ஷனா, அலர்ஜியா? தானாகக் கரைந்துவிடுமா? கணவருக்கு இந்த விஷயம் தெரியாது. நாத்தனாருக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தக் கட்டியிலிருந்து கையை எடுங்கள். தேய்க்க வேண்டாம், பிதுக்க வேண்டாம், ஐஸும் வேண்டாம். மூன்றாவது தடவையாக மெடிக்கல் ஷாப்புக்குப் போகவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு தோல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் அந்த இரண்டு மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் குளிரும், சிவப்பு கன்னத்தில் பரவிக்கொண்டே போவது, இமை வீங்கிக் கண்ணை மூடுவது, பார்வை மங்குவது அல்லது இரண்டிரண்டாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும் சரி, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மூக்கின் இரு பக்கமும் மேலுதடும் சேர்ந்த அந்த முக்கோணத்தின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் மூளையை ஒட்டியிருக்கும், ரத்தம் தேங்கி ஓடும் ஒரு குழியோடு தொடர்பு உள்ளவை. மூக்கோரத்துப் பருவைக் கிள்ளாதே என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டியதற்கு உடற்கூறு ரீதியாகவே காரணம் இருக்கிறது. உங்கள் கட்டி அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, இது இன்ஃபெக்‌ஷனா? கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் என் கிளினிக்கில் எதிரே உட்கார்ந்திருந்தால், இன்ஃபெக்‌ஷன் இல்லை என்று தெரியும்வரை இன்ஃபெக்‌ஷன் என்றே வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன். ஒரே பக்கம் வந்திருக்கிறது, சிவந்திருக்கிறது, வலிக்கிறது, மாத்திரைக்கு அமுங்கி மாத்திரை நின்றதும் இன்னும் பெரிதாகத் திரும்புகிறது. எல்லாம் அந்தப் பக்கமே சாய்கின்றன.

அலர்ஜி மாதிரியான வீக்கமும் தாமதமாக வருவது உண்டுதான். 2020 டிசம்பரில் மாடர்னா கோவிட் தடுப்பூசியின் சோதனை முடிவுகளை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆராய்ந்தபோது, முன்பு எப்போதோ ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்குத் தடுப்பூசிக்குப் பிறகு அதே இடம் வீங்கியது பதிவாகியிருந்தது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி நடக்கலாம். ஆனால் அந்த வகை வீக்கம் பெரும்பாலும் ஜெல் போட்ட இடமெல்லாம் சேர்ந்து பொதபொதவென்று வரும், சில நாளில் வடிந்தும் விடும். ஒரு பக்கத்தில் மட்டும் பட்டாணி மாதிரி திரண்டு சிவந்து வலிப்பதை அந்தக் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

“ஏழு வாரம் ஆகிவிட்டதே, கிருமி என்றால் நாலு நாளிலேயே தெரிந்திருக்காதா?” என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் கடிதத்தின் தொனியிலும் அது தெரிகிறது. பல மருத்துவர்களே இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

தோலில் எப்போதும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி ஊசியோடு உள்ளே போனால் இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஆர்ப்பாட்டத்தோடு வெளியே வரும். சூடு, சிவப்பு, சீழ், காய்ச்சல் என்று யாரும் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். இன்னொரு கூட்டம் அப்படியில்லை. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான மைக்கோபாக்டீரியா வகைகள் சில மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்கின்றன. தண்ணீரில் போடும் குளோரினுக்கெல்லாம் அவை எளிதில் மசிவதில்லை. அவற்றில் நாம் அதிகம் பயப்படுவது மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ். உள்ளே போனால் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்துத்தான் கட்டியாகத் தலைகாட்டும். 2002இல் நியூயார்க் நகரில், உரிமம் இல்லாத ஒருவரிடம், அங்கே அப்போது அங்கீகாரமே பெறாத ஹையலூரோனிக் ஆசிட் ஊசியை (பெரும்பாலான ஃபில்லர் ஜெல் இந்தப் பொருள்தான்) முகத்தில் போட்டுக்கொண்டவர்களுக்கு வந்தது இந்தக் கிருமிதான். சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கட்டிகளோடு அவர்கள் அலைந்தார்கள்.

இப்போது அழகு நிலையத்தின் அந்த அறையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஊசிக்கு முன்னால் வீக்கம் வராமலிருக்க ஐஸ் வைத்திருப்பார்கள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது? ஃப்ரிட்ஜ் ட்ரேயில் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்த ஐஸ் என்றால், ஊசி துளைத்த ஓட்டைமேல் அது உருகி வழிந்திருக்கும். முகத்தை எதனால் துடைத்தார்கள்? ஈர டிஷ்யூவாலா, கிருமிநாசினியாலா? முடிந்ததும் சிவப்பு தெரியாமலிருக்க ஃபவுண்டேஷன் பூசி அனுப்பினார்களா? நான் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கும்போதுதான் முகம் மாறும். ஊசியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம், ஐஸை யார் பார்த்தது?

இன்னொன்று. ஜெல் உள்ளே இருக்கும்போது கிருமிக்குப் பெரிய படை தேவையில்லை. 1957இல் எலெக், கோனென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார்கள். (இன்றைக்கு அந்த ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.) வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் கிருமிகள் வேண்டியிருந்தன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமாக இருந்தது. ஜெல் நூல் இல்லைதான். ஆனாலும் உடம்புக்கு இரண்டுமே அந்நியப் பொருள்கள். கிருமிகள் ஜெல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். பயோஃபிலிம் என்று பெயர். வாரக்கணக்கில் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் சுவரில் விரலை வைத்தால் வழுக்குமே, அந்த வகைதான். அதற்குள் வெள்ளை அணுவும் நுழையத் திணறும், மருந்தும் நுழையத் திணறும். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் மேலே மிதப்பவற்றைக் கொல்லும், உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். நிறுத்தியதும் திரும்ப வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. அட்டையை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர் “சோலோன்” என்றோ “மெத்தசோன்” என்றோ முடிகிறதா? அப்படியென்றால் அது ஸ்டீராய்டு. வீக்கத்தை வடியவைக்கும், வலியைக் குறைக்கும், நமக்கும் ‘குணமாகிறது’ என்று தோன்றும். அதே நேரத்தில் கிருமியோடு சண்டை போட வந்த அணுக்களின் கையைக் கட்டிப்போட்டுவிடும். போதாக்குறைக்கு சுகரையும் ஏற்றும். பார்டரில் இருந்த உங்கள் சுகர் இப்போதும் பார்டரில்தான் இருக்கிறதா என்பது சந்தேகமே. நாளைக் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பாருங்கள். சுகர் ஏறியிருந்தால் கட்டிக்கு என்ன மருந்து கொடுத்தாலும் பாதிதான் வேலை செய்யும். ஐந்து நாள், ஐந்து நாள் என்று சாப்பிட்ட ஸ்டீராய்டை நிறுத்துவதில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஏற்கெனவே தொடர்ந்து ஸ்டீராய்டு எடுப்பவராக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது என்ன நடக்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில இதில் இருக்கின்றன.

முதலில் அல்ட்ராசவுண்ட். தோலுக்கான மெல்லிய ப்ரோப் இருந்தால் ஜெல் எங்கே, சீழ் எங்கே, ரத்தக் குழாய் எங்கே என்று தெரிந்துவிடும். அதன் பிறகு, புதிதாக எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொடங்குவதற்கு முன்னால், உள்ளிருந்து மாதிரி எடுக்க வேண்டும். மேலே பஞ்சால் துடைத்து எடுக்கும் ஸ்வாப் இதற்குப் போதாது. ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார்கள், சீழ் இல்லையென்றால் மிளகு அளவுக்கு ஒரு துண்டுச் சதை எடுப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், பயப்பட வேண்டாம். அந்தத் துண்டை இரண்டு பாட்டிலில் அனுப்ப வேண்டும். ஃபார்மலின் இருக்கும் பாட்டில் நுண்ணோக்கியில் பார்க்கிற பயாப்ஸிக்கு. சுத்தமான சலைன் இருக்கும் பாட்டில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. நம்மூரில் பல இடங்களில் பழக்கதோஷத்தால் மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலினில் விழுந்த நிமிடமே கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சரில் எதுவும் வளராது, ‘நோ க்ரோத்’ என்று ரிப்போர்ட் வரும். கிருமியே இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். எனவே “டாக்டர், கல்ச்சருக்குத் தனியாக சலைனில் போடுகிறீர்களா?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

சாதாரண பாக்டீரியாவுக்கு மட்டுமல்லாமல், மைக்கோபாக்டீரியாவைத் தேடும் ஏஎஃப்பி கல்ச்சருக்கும் பூஞ்சைக்கும் சேர்த்தே எழுத வேண்டும். சாதாரணக் கல்ச்சரை இரண்டு மூன்று நாளில் ஆய்வகம் தூக்கிப் போட்டுவிடும். நான் சொன்ன மைக்கோபாக்டீரியம் வளர ஒரு வாரம்கூட ஆகலாம், சில வகைகளுக்கு ஆறு எட்டு வாரம்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்புச் சாயம் ஏறிய கிருமி தெரிகிறது என்று ரிப்போர்ட் வந்தால் உடனே டிபி என்று முடிவுகட்டி டிபி மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். மைக்கோபாக்டீரியா எல்லாமே அந்தச் சாயத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். வழக்கமான டிபி மருந்துகள் அப்செஸ்ஸஸிடம் வேலை செய்வதில்லை. லேப்ராஸ்கோபி செய்த வயிற்றுத் தழும்பில் ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கசிவு வந்து, ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டும் ஆறாமல் வருபவர்களைச் சர்ஜன் நண்பர்கள் எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். கருவிகளை ரசாயனத்தில் ஊறவைத்துக் குழாய்த் தண்ணீரில் அலசியதன் விளைவு அது. சாயத்தில் கிருமி தெரிந்து, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்தால், இந்தத் தண்ணீர்க் கிருமியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சிகிச்சை என்ன என்பது ரிப்போர்ட்டைப் பொறுத்தது. சீழ் கோத்திருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை பொதுவாக இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்து, ஐந்து நாள் அல்ல, சில வாரம் கொடுப்போம். அப்செஸ்ஸஸ் என்று உறுதியானால் எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து, இரண்டு மூன்று மருந்தாக நாலு முதல் ஆறு மாதம் வரை போகும். நீளமான வழிதான். ஆனால் ஆறிவிடும். சின்னத் தழும்பு தங்கலாம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தானாகக் கரையுமா என்று கேட்டீர்கள். ஹையலூரோனிக் ஆசிட் நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே இருக்கும் பொருள்தான். உடம்பில் இருக்கும் அது ஓரிரு நாளில் சிதைந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். சிரிஞ்சில் வருவதை அப்படிக் கரையவிடாமல் ரசாயனப் பிணைப்புப் போட்டு இறுக்கியிருப்பார்கள், அதனால்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நிற்கிறது. அதுவரை இன்ஃபெக்‌ஷன் உங்களுக்காகக் காத்திருக்காது. வேகமாகக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போடலாம். கிருமி குடியிருக்கும் வீட்டையே இடிக்கிற மாதிரி, நல்ல உபாயம். ஆனால் சூடும் சிவப்புமாக இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் காவல் இல்லாமல் போட்டால் கிருமி பக்கத்துத் திசுக்களுக்குப் பரவ அதுவே பாதை போட்டுவிடும். அதனால் நிலையத்தில் இருப்பவர்கள் “கரைக்கிற ஊசி போட்டுவிடுகிறோம், ஃப்ரீயாகவே” என்று கூப்பிட்டால் போய்விடாதீர்கள். கட்டிக்குள் நேரடியாக ஸ்டீராய்டு ஊசி போடுகிறேன் என்று யார் சொன்னாலும், கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும் என்று சொல்லுங்கள்.

அதோடு, உங்களுக்குப் போட்டது ஹையலூரோனிக் ஆசிட்தானா? வேறு பொருளாக இருந்தால் அந்த நொதி அதைத் தொடாது. கால்சியம் துகள் கலந்த ஃபில்லர் உண்டு. திரவ சிலிக்கோனைத் திருட்டுத்தனமாகப் போடுகிறவர்களும் உண்டு, முகத்தை நிரப்ப அதற்கு எஃப்டிஏ அனுமதியே கிடையாது. உள்ளே போனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் முழுதாக வராது. நிலையத்தில் பெட்டியைக் கேளுங்கள். அசல் ஃபில்லர் பெட்டிக்குள் லாட் எண்ணோடு இரண்டு மூன்று ஸ்டிக்கர் இருக்கும், ஒன்றை நோயாளியின் சீட்டில் ஒட்டுவதற்காகவே அப்படிக் கொடுக்கிறார்கள். பெட்டியைத் தரமாட்டேன் என்றால் ஃபோனில் ஒரு படமாவது. அன்றைக்கு நீங்களோ நாத்தனாரோ செல்ஃபி எடுத்திருந்தால் அதில் பின்னால் மேஜைமேல் பெட்டி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஒருவருக்கு என்ன போட்டார்கள் என்று நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இப்போது பாதிப் பாதி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் இதை ஒரு கணக்கு வழக்கு மாதிரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

ஊசி முனையை மாற்றினால் போதும் என்பது தவறு. ஊசி போடும்போது முனை ரத்தக் குழாய்க்குள் இருக்கிறதா என்று பார்க்க பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பார்ப்பது வழக்கம். ஒரு துளி ரத்தம் சிரிஞ்சின் கழுத்துக்குள் வந்துவிடும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. முனையைக் கழற்றிப் புதிதாக மாட்டினாலும் அந்தத் துளி ஜெல்லோடு அடுத்தவருக்குள் போகும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை முகத்தில் ஊசியால் ஏற்றும் ‘வாம்பயர் ஃபேஷியல்’ செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி வந்தது. 2018இல் அந்த ஸ்பா மூடப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் அந்த விசாரணையை வெளியிட்டது. உரிமம் இல்லாமல் மருத்துவம் செய்ததாக உரிமையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அது ஃபில்லர் இல்லை, ஆனால் ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடுகிற அலட்சியம் ஒன்றேதான்.

பதறாதீர்கள். கணக்காக யோசிப்போம். உங்களுக்கு முன்னால் அந்த சிரிஞ்சைப் பயன்படுத்தியது நாத்தனாருக்கு. அவருக்கு ரத்தத்தில் பரவும் கிருமி எதுவும் இல்லை என்றால், அவரிடமிருந்து உங்களுக்கு வரவும் வழியில்லை. கேள்வி அதற்கும் முன்னால் இருக்கிறது. அந்த சிரிஞ்சை உங்கள் கண் எதிரே பெட்டியைப் பிரித்து எடுத்தார்களா, அல்லது ஏற்கெனவே திறந்திருந்ததா? திறந்திருந்தது என்றாலோ ஞாபகம் இல்லை என்றாலோ இரண்டு பேருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எச்ஐவி உள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு 1000க்கு 3 அளவில்தான். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை, தடுப்பூசி போடாதவருக்கு 100க்கு 6 முதல் 30 வரை. அதனால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் இப்போது ஒரு தடவை, ஊசி போட்டு மூன்று மாதம் ஆகும்போது ஒரு தடவை, ஆறு மாதத்தில் ஹெபடைடிஸுக்கு மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். எச்ஐவி பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். இலவசம், ரகசியமும் காப்பார்கள். சந்தேகம் இருந்தால் 1097க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். உங்கள் வயதுக்காரர்கள் பலர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க மாட்டார்கள். பரிசோதனையில் இல்லை என்று வந்தால் அதையும் தொடங்கிவிடுங்கள்.

‘நாத்தனாருக்கு ஒன்றும் இல்லை’ என்பதை இன்னும் சில மாதம் கழித்துச் சொல்லலாம். அதே சிரிஞ்ச், அதே ஐஸ், அதே அறை. அவருக்கு உதட்டில் போட்டிருக்கிறது, வாயின் கிருமிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் உடனே காட்டச் சொல்லுங்கள். உதட்டோரம் கொப்புளக் கொத்து அடிக்கடி வருகிறவரா என்றும் கேளுங்கள். ஹெர்ப்பிஸ் வைரஸ் ஊசி குத்திய இடத்தில் விழித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு உதட்டு ஊசிக்கு முன்பே மாத்திரை கொடுத்துவிடுவது வழக்கம், அந்த மேடம் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கொப்புளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஃபில்லர் ரத்தக் குழாயை அடைத்துவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் அதே மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். ஹெர்ப்பிஸ் என்று களிம்பு பூசிக்கொண்டிருந்து தோல் கருகிப்போனவர்கள் உண்டு. ஊசி போட்ட அன்றே வெளுத்துப்போவது, வலை பின்னிய மாதிரி நீலம் பூப்பது, அளவுக்கு மீறி வலிப்பது எல்லாம் மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். உங்கள் இருவருக்கும் அந்தக் கண்டம் தாண்டிவிட்டது.

நானும் யோக்கியமாகவே ஆரம்பித்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஃபில்லர் பழக ஆரம்பித்த புதிதில், ஒரு நோயாளிக்குப் போட்டு மீதியான அரை சிரிஞ்சை அவர் பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு வாரம் கழித்து ‘டச்-அப்’ என்று அவருக்கே போட்டிருக்கிறேன். அப்போது பலரும் செய்ததுதான். பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய் மருந்தைக் குப்பையில் போட மனம் வராது. ஒரு நாள் ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்யும்போது ஒரு சிரிஞ்சின் பெயர்ச் சீட்டு ஈரத்தில் உரிந்து கீழே கிடந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு நிறுத்தியதுதான். இப்போது மீதி இருந்தால் நோயாளியின் கண் எதிரே பிதுக்கிக் குப்பையில் போடுகிறேன், அவர்கள் முகத்தில் தெரியும் வேதனையையும் பார்த்துக்கொண்டு.

இனிமேல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆசைப்பட்டது தப்பில்லை. அந்த இடத்தில் வேண்டாம், அவ்வளவுதான். கண்ணுக்கு மை தீட்டுவதும் தோலுக்குள் ஊசி விடுவதும் வேறு வேறு வேலைகள். ஊசி விடுகிறவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். சீட்டிலும் கிளினிக்கிலும் பதிவு எண் தெரிய வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. மாதம் ஒரு நாள் வந்துபோகிறவர், ஐந்து வாரம் கழித்துக் கட்டி வந்தால் எங்கே இருப்பார்? பல் பிடுங்குவதோ வேர் சிகிச்சையோ இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் ஃபில்லரைத் தள்ளிப்போடச் சொல்வோம், முகத்தில் பழுத்த பரு இருந்தாலும் அப்படித்தான். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லை உள்ளே செலுத்தும் ‘ஹையலூரான் பேனா’ ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. 2021இல் எஃப்டிஏ அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

அந்த நிலையத்தைப் பற்றிப் புகார் கொடுக்க விரும்பினால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கலாம். முதலில் உடம்பைப் பாருங்கள், அது அடுத்த மாதம்கூட இருக்கட்டும்.

கணவரிடம் சொல்லிவிடுங்கள். இதில் நான் குடும்ப ஆலோசகர் இல்லை, மருத்துவராகத்தான் சொல்கிறேன். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டி வரலாம், ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதன் முடிவு வரும்வரை உறவில் பாதுகாப்பும் வேண்டும். ஒளித்துவைத்துச் செய்ய முடிகிற காரியம் இல்லை இது.

போகும்போது வெள்ளை மாத்திரை அட்டை, ஆன்டிபயாட்டிக் அட்டை, சுகர் ரிப்போர்ட், கட்டி முதலில் தெரிந்த நாளிலிருந்து ஃபோனில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் மாத்திரை மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாமல் அப்படியே கொண்டுபோங்கள், எத்தனை சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் எண்ணிப் பார்க்கட்டும். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.